வேகமாக வெளுக்கும் முகம்: வெண்மையூட்டும் கிரீம்களில் மறைந்திருக்கும் நச்சுப் பொருள்கள்

இந்தக் கையேடு, முகக் கிரீம், சோப்பு, கண்மை போன்ற பொருள்களை வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது. இதைப் படித்து முடித்ததும் நீங்கள் பின்வருவனவற்றை அறிந்திருப்பீர்கள்:

• வெண்மையூட்டும் கிரீம்களில் அடிக்கடி கண்டுபிடிக்கப்படும் நான்கு தடைசெய்யப்பட்ட பொருள்கள் எவை
• அவை தோலையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் எப்படிப் பாதிக்கின்றன
• கிரீம் பூசாத குழந்தைக்கும் ஏன் ஆபத்து வரலாம்
• வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதை நம்பக் கூடாது
• ஏற்கனவே பயன்படுத்தியிருந்தால் என்ன செய்ய வேண்டும்

1. ஒப்பனைப் பொருள் என்பது எது?

உடலின் வெளிப்பகுதியில், அதாவது தோல், முடி, நகம், உதடு ஆகியவற்றிலும், பற்களிலும் வாயின் உட்பகுதியிலும் பயன்படுத்தும் பொருளே ஒப்பனைப் பொருள். சுத்தம் செய்வது, மணமூட்டுவது, தோற்றத்தை மாற்றுவது, நல்ல நிலையில் வைத்திருப்பது ஆகியவையே அதன் வேலை. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, முகப்பவுடர், உதட்டுச்சாயம், கண்மை எல்லாம் இதில் அடங்கும்.

நோயைக் குணப்படுத்துவது ஒப்பனைப் பொருளின் வேலை அன்று. ஊசி வழியாக உடலுக்குள் செலுத்தப்படும் எதுவும் ஒப்பனைப் பொருள் ஆகாது. “முகம் வெளுக்க ஊசி போடுகிறோம்” என்று அழகு நிலையத்தில் யாராவது சொன்னால், அங்கே அழகுபடுத்தும் வேலை நடக்கவில்லை, மருத்துவச் சிகிச்சை நடக்கிறது என்று பொருள். அதைச் செய்யத் தகுதி பெற்றவர் மருத்துவரே.

ஒப்பனைப் பொருள்கள் எல்லாமே வேதிப்பொருள்களால் ஆனவை. தண்ணீரும் ஒரு வேதிப்பொருள்தான். ஆகவே அட்டையில் நீளமான பெயர்களைக் கண்டவுடன் பயப்பட வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, கிரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படும் பாராபென் வகைகளில் சில தடைசெய்யப்பட்டுள்ளன. மெத்தில்பாராபென் போன்றவை குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்படுகின்றன. இந்தக் கையேடு பேசுவது அனுமதிக்கப்பட்ட பொருள்களைப் பற்றியன்று. ஒப்பனைப் பொருளில் இருக்கவே கூடாத பொருள்கள், அட்டையில் எழுதப்படாமல் உள்ளே கலக்கப்படுவதைப் பற்றியே இது பேசுகிறது.

2. தோலுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

நம் தோலின் அடியில் மெலனோசைட் எனப்படும் உயிரணுக்கள் உள்ளன. அவை மெலனின் என்ற நிறமியை உருவாக்குகின்றன. மெலனின் அதிகமாக இருந்தால் தோல் கறுப்பாகவும், குறைவாக இருந்தால் வெளிர் நிறமாகவும் தெரியும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் உயிரணுக்களைத் தாக்காமல் காக்கும் குடையாக மெலனின் செயல்படுகிறது. மலேசியா போன்ற வெயில் மிகுந்த நாட்டில் வாழும் நமக்கு அந்தக் குடை மிகவும் தேவை.

மெலனின் உருவாவதற்கு டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியின் வேலையைத் தடுத்தால் மெலனின் குறையும், தோல் வெளுக்கும். வெண்மையூட்டும் பொருள்கள் பல இந்த வழியில்தான் செயல்படுகின்றன. எந்தப் பொருளைக் கொண்டு அந்த நொதி தடுக்கப்படுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடலாம். கறுப்பு நிறம் நோயன்று. அதற்கு மருந்து தேவையில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதும், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வரும்போதும், உறவினர் ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒரு சொல்லாலும்தான் பல வீடுகளில் முதல் கிரீம் டப்பா வாங்கப்படுகிறது. அந்த மன வருத்தத்தை வைத்து விற்பனை செய்பவர்கள், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

3. நான்கு தடைசெய்யப்பட்ட பொருள்கள்

மலேசியாவில் ஒப்பனைப் பொருள்களைக் கண்காணிப்பது சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை. அதைச் சுருக்கமாக என்பிஆர்ஏ என்பார்கள். சந்தையில் உள்ள பொருள்களை வாங்கி இந்த முகமை பரிசோதிக்கிறது. தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால் அந்தப் பொருளின் பெயரை வெளியிடுகிறது. அந்த அறிவிப்புகளில் மீண்டும் மீண்டும் வரும் பெயர்கள் நான்கு.

பாதரசம்

பாதரசம் ஒரு கன உலோகம். பழைய வெப்பமானிகளில் வெள்ளிபோல் மின்னியது இதுதான். கிரீமில் அது அப்படித் தெரியாது. கேலோமெல் போன்ற பாதரச உப்புகளாக வெள்ளைக் கிரீமில் கலந்துவிடும். நிறம், மணம், பிசுபிசுப்பு எதை வைத்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடப் பரிசோதனை ஒன்றே வழி.

பாதரசம் டைரோசினேஸ் நொதியை முடக்குகிறது. அதனால் சில வாரங்களிலேயே தோல் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. சிறுநீரகம் ஒரு வடிகட்டிபோல வேலை செய்கிறது. பாதரசம் அந்த வடிகட்டியைச் சேதப்படுத்தினால், உடலில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறத் தொடங்கும். அப்போது சிறுநீரில் நுரை அதிகமாகத் தெரியும். காலும் கண்ணைச் சுற்றிய பகுதியும் வீங்கும்.

நரம்பு மண்டலமும் பாதிக்கப்படும். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு, மறதி, கைகால் மரத்துப்போதல் ஆகியவை வரலாம். இவை மெதுவாக வருவதால், “வேலைப்பளு”, “வயதாகிவிட்டது” என்று சொல்லிக் கடந்து விடுகிறோம். முகக் கிரீமுக்கும் கை நடுக்கத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தியாவின் கேரள மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. மலப்புறம் மாவட்டத்து மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த 22 பேருக்குச் சிறுநீரக வடிகட்டிச் சவ்வைப் பாதிக்கும் ஒரு நோய் இருப்பதைப் பதிவு செய்தனர். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தொடங்குவதற்கு முன் வெண்மையூட்டும் கிரீம் பயன்படுத்தியதாகக் கூறினர். அழகு கிரீம் ஒன்று சிறுநீரகப் பிரிவு வரை கொண்டுபோய் விடலாம் என்பதற்கு இது சான்று.

எவ்வளவு பாதரசம் இருக்கலாம்? ஆசியான் நாடுகளின் ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, தயாரிப்பின்போது தவிர்க்க முடியாமல் கலந்துவிடும் மாசாகக்கூடப் பாதரசம் 1 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 20 கிராம் டப்பா ஒன்றில் இது 0.02 மில்லிகிராம். பல நாடுகளில் பிடிபட்ட கிரீம்களில் ஆயிரக்கணக்கான பிபிஎம் பாதரசம் இருந்திருக்கிறது. ஒரு கிரீமில் 10,000 பிபிஎம் இருந்தால், அதே 20 கிராம் டப்பாவில் 200 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். இது அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் பத்தாயிரம் மடங்கு. இவ்வளவு பாதரசம் தவறுதலாக விழுந்துவிடாது. முகத்தை வெளுக்கவைக்கவே அது சேர்க்கப்படுகிறது.

ஹைட்ரோகுவினோன்

கன்னத்தில் படரும் மங்கு போன்ற சில தோல் பிரச்சினைகளுக்கு, மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து இது. எவ்வளவு பூசுவது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அதே பொருளை அளவு தெரியாமல், மாதக்கணக்கில், வெயிலில் நடமாடிக்கொண்டு பூசினால் நிலைமை வேறு.

தோல் சிவந்து எரியும். மெலனின் குறைவதால் புற ஊதாக் கதிர்களிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பும் குறையும். நீண்ட காலம் பயன்படுத்திய சிலருக்கு, தோல் வெளுப்பதற்கு மாறாக, நீலம் கலந்த கறுப்புத் திட்டுகள் படிந்துவிடும். ஆக்ரோனோசிஸ் எனப்படும் இந்த மாற்றத்தை நீக்குவது மிகக் கடினம். நிறம் குறையப் பூசியவருக்கு நிறம் கூடிவிடுகிறது. அதை மறைக்க அவர் இன்னும் அதிகமாகப் பூசுகிறார்.

டிரெட்டினோயின்

இதுவும் மருந்துதான். முகப்பருவுக்கு மருத்துவர் தருவது. தோலின் மேற்பகுதியை விரைவாக உரியச் செய்யும். மேற்பார்வையின்றிப் பயன்படுத்தினால் சிவத்தல், குத்துவதுபோன்ற எரிச்சல், தோல் உரிதல் ஆகியவை வரும். வெயில் பட்டால் தோல் தாங்காது. கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுவோரும் இதைத் தவிர்க்க வேண்டும். அட்டையில் இந்தப் பெயர் எழுதப்படாதபோது, ஒரு கர்ப்பிணிக்குத் தவிர்க்கும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

ஸ்டீராய்டு

பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல் போன்றவை தோல் அழற்சிக்கான வலிமையான மருந்துகள். முகத்தில் பூசினால் முதலில் சிவப்பு மறையும், பரு அடங்கும், முகம் பளபளக்கும். இதைப் பார்த்து மகிழ்ச்சியடையாதவர் இல்லை. தொடர்ந்து பூசும்போது தோல் மெலிந்து, சிறு இரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாக வெளியே தெரியும். பரு முன்பைவிட அதிகமாகும். முகத்தில் தேவையற்ற முடி வளரலாம்.

இதைவிடச் சிக்கலானது, நிறுத்தும்போது வரும் விளைவு. கிரீமை விட்ட சில நாள்களில் முகம் சிவந்து எரிந்து வீங்கும். “இந்தக் கிரீமை விட்டால்தான் முகம் கெட்டுப்போகிறது” என்று நினைத்து மறுபடியும் அதையே வாங்குவார்கள். விற்பவருக்கு ஒரு வாடிக்கையாளர் நிலைத்துவிடுகிறார். கிரீமை நிறுத்தியதும் முகம் இப்படி எரிந்தால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

4. பூசாதவருக்கும் ஆபத்து

நான்கில் பாதரசத்துக்கு மட்டும் இன்னொரு தன்மை உண்டு. அது பூசியவரோடு நிற்பதில்லை. முகம், கை, தலையணை உறை, துண்டு, தொலைபேசி ஆகியவற்றில் ஒட்டிக்கொள்ளும். கிரீமிலிருந்து ஆவியாகி அறைக் காற்றிலும் கலக்கும்.

அம்மாவின் கன்னத்தில் கன்னம் வைத்துத் தூங்கும் குழந்தை, பாட்டியின் கையைப் பிடித்து வாயில் வைக்கும் குழந்தை, கிரீமைத் தொட்ட கையால் ஊட்டப்படும் சோறு என எல்லா வழியிலும் பாதரசம் குழந்தையைச் சென்றடையலாம். குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டிருப்பதால் பாதிப்பும் அதிகம். கர்ப்பிணியின் உடலில் சேரும் பாதரசம் கருவிலுள்ள குழந்தையையும் அடையும்.

பாதரச நச்சு ஏறிய குழந்தைக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் இளஞ்சிவப்பாகித் தோல் உரியலாம். கால் வலி, அதிக வியர்வை, ஓயாத அழுகை, தூக்கமின்மை, இரத்த அழுத்த உயர்வு ஆகியவை வரலாம். இப்படிப்பட்ட குழந்தையை மருத்துவரிடம் காட்டும்போது, வீட்டில் யாராவது வெண்மையூட்டும் கிரீம் பயன்படுத்தினால் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் நோயின் காரணத்தைக் காட்டிவிடலாம்.

முகம் கழுவும் தண்ணீரோடு பாதரசம் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் செல்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற வேறொரு நச்சாக மாற்றுகின்றன. அது மீனில் சேர்ந்து நம் தட்டுக்குத் திரும்புகிறது. ஜப்பானின் மினமாட்டா நகரில் ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மக்களைத் தாக்கியது 1956-ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயரால் அமைந்த அனைத்துலகப் பாதரச ஒப்பந்தம் 2017-இல் நடப்புக்கு வந்தது. 1 பிபிஎம்மைத் தாண்டிய பாதரசம் கொண்ட வெண்மையூட்டும் சோப்பு, கிரீம் ஆகியவற்றின் தயாரிப்பும் இறக்குமதியும் ஏற்றுமதியும் 2020-க்குள் நிறுத்தப்பட வேண்டும் என்று அது வகுத்தது. பாதரசம் சேர்க்கப்பட்ட எல்லா ஒப்பனைப் பொருள்களையும் 2025-க்குள் நிறுத்த வேண்டும் என 2023-இல் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன.

5. வேகமே முதல் எச்சரிக்கை

மேலே சொன்ன நான்கு பொருள்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவை வேகமாகப் பலன் தரும். அதனால்தான் கலக்கப்படுகின்றன. விற்பனையாளர் பொய் சொல்லாமலே இருக்கலாம். “ஏழு நாளில் வித்தியாசம் தெரியும்” என்பது உண்மையாகவே இருக்கலாம். தோழி ஒருத்தி தன் முகத்தையே சாட்சியாகக் காட்டலாம். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எனவே “எனக்கு நன்றாக வேலை செய்தது” என்ற பரிந்துரை, கிரீம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. தோல் வெளுப்பது கண்ணாடியில் சில நாள்களில் தெரியும். சிறுநீரகம் பழுதாவது பல மாதங்கள் தெரியாது.

6. சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 2008 ஜனவரி 1 முதல் ஒப்பனைப் பொருள்களுக்கு அறிவிப்பு முறை நடப்பில் உள்ளது. ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம், அதைப் பற்றி என்பிஆர்ஏ-வுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். பொருளின் பாதுகாப்புக்கும் தரத்துக்கும் அந்த நிறுவனமே பொறுப்பு. அறிவிக்கப்பட்ட பொருளுக்கு ஓர் எண் கிடைக்கும். அது என், ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். பின் ஒன்பது இலக்கங்கள் வரும். இறுதியில் கே என்ற எழுத்து இருக்கும்.

இந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். எண் இருந்தால், அந்தப் பொருளுக்கு ஒரு நிறுவனம் பொறுப்பேற்றிருக்கிறது, ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும் என்பது பொருள். ஒவ்வொரு டப்பாவையும் அரசாங்கம் முன்கூட்டியே பரிசோதித்துவிட்டது என்று பொருளன்று. பரிசோதனை, பொருள் சந்தைக்கு வந்த பிறகு மாதிரி எடுத்துச் செய்யப்படுகிறது. நச்சுப் பொருள் இருந்தால் அந்த அறிவிப்பு ரத்து செய்யப்படும். நிறுவனம் விற்பனையை நிறுத்திப் பொருள்களைத் திரும்பப் பெற வேண்டும். ஆகவே எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது ரத்தாகவில்லையே என்றும் பார்க்க வேண்டும்.

“சுகாதார அமைச்சு அங்கீகரித்தது”, “கேகேஎம் அங்கீகாரம் பெற்றது” என்று விளம்பரம் செய்வதைக் கண்டால், முதலில் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

தடைசெய்யப்பட்ட பொருள் கலந்த ஒப்பனைப் பொருளை விற்பது 1984-ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி குற்றம். தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கு 50,000 ரிங்கிட் வரையும், மறுபடி செய்தால் 100,000 ரிங்கிட் வரையும் அபராதம் உண்டு. வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப் குழுவில் கிரீம் விற்கும் அக்காவும் இந்தச் சட்டத்தின்படி விற்பனையாளரே. ஏதோ ஒரு முகவர் தந்ததை நம்பி வாங்கி விற்பவர்கள், தங்களைக் காத்துக்கொள்ளவாவது முதலில் எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

7. வாங்குவதற்கு முன் ஆறு படிகள்

படி 1: அட்டையைப் படியுங்கள். பொருளின் பெயர், பயன்படுத்தும் முறை, உட்பொருள்களின் முழுப் பட்டியல், தயாரித்த நாடு, பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும், எடை, தயாரிப்புத் தொகுதி எண், தயாரித்த அல்லது காலாவதியாகும் தேதி ஆகியவை இருக்க வேண்டும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம்.

படி 2: என்பிஆர்ஏ இணையத்தளத்தின் பொருள் தேடல் பகுதியில் பெயரையோ எண்ணையோ தட்டச்சு செய்து பாருங்கள். எண் தெரியாவிட்டாலும் பெயரை வைத்துத் தேடலாம்.

படி 3: தேடலில் வரும் பெயரும் நிறுவனமும் டப்பாவில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறொரு பொருளின் எண்ணை எடுத்து ஒட்டிவிடுவதும் நடக்கக்கூடும்.

படி 4: ரத்து செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலையும் பாருங்கள்.

படி 5: அட்டையே இல்லாத டப்பா, அளந்து பிரித்துத் தரும் கிரீம், “எங்கள் சொந்தக் கலவை” என்று சொல்லித் தருவது, ஒருவர் பயணப் பெட்டியில் கொண்டுவந்தது ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இவற்றுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

படி 6: பயன்படுத்தும் முறையில் உள்ள எச்சரிக்கைகளைக் கவனியுங்கள். “தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்” என்று எழுதியிருந்தால் உடனே வைத்துவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்து நகையை வெளுக்கச் செய்யும். “முதலில் தோல் உரியும், அது நல்ல அறிகுறி” என்று சொன்னாலும் வாங்க வேண்டாம்.

8. பண்டிகைக் காலத்தில் கவனிக்க வேண்டியவை

தீபாவளி, பொங்கல், கல்யாண நாள்களில் நம் வீடுகளில் அதிகம் புழங்கும் மூன்று பொருள்களைப் பற்றியும் அறிந்துகொள்வோம்.

கண்மை: சில பாரம்பரிய சுர்மா, கண்மை வகைகளில் ஈயத் தாது இருக்கலாம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அட்டையில்லாத கண்மையைக் குழந்தையின் கண்ணில் தீட்டவே வேண்டாம். திருஷ்டிப் பொட்டு வைப்பதானாலும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டாத இடமாகப் பாருங்கள்.

குங்குமம்: மஞ்சளிலிருந்து செய்யப்படும் குங்குமம் உண்டு. சில மலிவான செந்தூர வகைகளில் ஈயச் சிவப்போ, பாதரசத் தாதுவான சாதிலிங்கமோ நிறத்துக்காகச் சேர்க்கப்படுவதுண்டு. மிகப் பிரகாசமான ஆரஞ்சு, சிவப்புப் பொடிகளை, எதனால் செய்யப்பட்டவை என்று தெரியாமல் வாங்க வேண்டாம். குங்குமம் தொட்ட கையைக் கழுவிய பின்னரே உணவைத் தொடுங்கள்.

கறுப்பு மருதாணி: உண்மையான மருதாணி ஆரஞ்சிலிருந்து பழுப்பு வரை சிவக்கும். சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் “மருதாணி”யில், தலைமுடிச் சாயத்தில் பயன்படும் பிபிடி என்ற பொருள் இருக்கலாம். அது தோலில் தீட்ட அனுமதிக்கப்பட்டதன்று. கொப்புளமும் தழும்பும் வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிற்காலத்தில் தலைக்குச் சாயம் பூசும்போதும் கடுமையாகத் தாக்கும்.

9. ஏற்கனவே பயன்படுத்தியிருந்தால்

• சந்தேகத்துக்குரிய கிரீமை உடனே நிறுத்துங்கள். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
• டப்பாவை எறிந்துவிட வேண்டாம். இறுக மூடி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிங்க்கிலோ கழிப்பறையிலோ கொட்டக் கூடாது.
• தலையணை உறை, துண்டு ஆகியவற்றைத் தனியாகத் துவையுங்கள். அறைச் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.
• டப்பாவை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கோ மருத்துவரிடமோ செல்லுங்கள். எத்தனை மாதம் பூசினீர்கள் என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் சிறுநீரில் புரதமும் பாதரசமும் பரிசோதிக்கப்படும்.
• நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தால், பழைய கிரீமுக்குத் திரும்ப வேண்டாம். மருத்துவர் அதைப் படிப்படியாக அடக்குவார்.
• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் தாமதிக்கக் கூடாது.

சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தியவர்களில் பலருக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்ல மீண்டிருக்கிறது. கூச்சத்தால் மறைத்து வைத்தால் அந்த வாய்ப்புக் கைநழுவும். கிரீம் பூசியதற்காக எந்த மருத்துவரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்.

சந்தேகத்துக்குரிய பொருளைப் பற்றி, உங்கள் மாநிலச் சுகாதாரத் துறையின் மருந்தக அமலாக்கப் பிரிவிலோ, சுகாதார அமைச்சின் பொதுமக்கள் புகார் இணையத்தளத்திலோ புகார் செய்யலாம். வாங்கிய இடம், விலை, விற்பவரின் பக்கத்தை எடுத்த திரைப்படம், ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் தரும் ஒரு டப்பா, இன்னும் பல வீடுகளுக்கு அது போவதைத் தடுக்கலாம்.

10. கேள்வியும் பதிலும்

கே: விலை அதிகமான கிரீம் என்றால் பாதுகாப்பானதுதானே?
ப: விலைக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை. எண்ணையும் பெயரையும் சரிபாருங்கள்.

கே: “இயற்கை மூலிகை” என்று எழுதியிருக்கிறதே?
ப: கலப்படம் செய்பவர் அட்டையில் அதை எழுதுவதில்லை. பாதரசமும் ஈயமும் பூமியிலிருந்து எடுக்கப்படும் இயற்கைப் பொருள்கள்தாம்.

கே: மங்கு மறைய என்ன செய்வது?
ப: மருத்துவரைப் பாருங்கள். சரியான மருந்தை, சரியான அளவில், சரியான காலத்துக்குத் தருவார். தினமும் சன்ஸ்கிரீன் பூசுவதும், வெயிலில் தொப்பியோ குடையோ பயன்படுத்துவதும் மங்கு கூடாமல் தடுக்க உதவும்.

கே: வெண்மையூட்டும் பொருள்கள் எல்லாமே தடைசெய்யப்பட்டவையா?
ப: இல்லை. அனுமதிக்கப்பட்ட உட்பொருள்களைக் கொண்டு தயாரித்து, முறைப்படி அறிவிக்கப்பட்டவையும் உண்டு. அவை மெதுவாகவும் ஓரளவுக்கும்தான் பலன் தரும்.

11. உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

கீழே உள்ள மூன்றும் கற்பனை எடுத்துக்காட்டுகள். ஒவ்வொன்றையும் வாங்குவீர்களா என்று யோசித்துவிட்டு விடையைப் பாருங்கள்.

அ. இரவுச் சந்தையில் ஒரு டப்பா. அட்டையில் பெயரும் ஒரு பெண்ணின் படமும் மட்டும் உள்ளன. “பத்து நாளில் வெண்மை. நகையில் படக் கூடாது” என்கிறார் விற்பவர்.

ஆ. இணைய நேரலையில் விற்கப்படும் ஒரு கிரீம். அட்டையில் எண் இருக்கிறது. தேடிப் பார்த்தால் அந்த எண் வேறொரு நிறுவனத்தின் ஷாம்புக்கு உரியது.

இ. மருந்தகத்தில் ஒரு கிரீம். அட்டையில் எல்லா விவரங்களும் உள்ளன. தேடலில் பெயரும் நிறுவனமும் பொருந்துகின்றன. ரத்துப் பட்டியலில் இல்லை.

விடைகள்: அ. வாங்கக் கூடாது. உட்பொருள் பட்டியலோ பொறுப்பேற்கும் நிறுவனமோ இல்லை. நகை பற்றிய எச்சரிக்கை பாதரசத்தைச் சுட்டுகிறது. ஆ. வாங்கக் கூடாது, புகார் செய்ய வேண்டும். இ. வாங்கலாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி ஓரிரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

மூன்றுக்கும் சரியான விடை தந்திருந்தால், இந்தக் கையேட்டை வீட்டில் வைத்துக்கொள்ளாமல், அடுத்த டப்பாவை வாங்கவிருக்கும் ஒருவரிடம் கொடுங்கள்.